உமரியின் சிவப்பு யாருடையது? உவர்க்கரைச் செடியிலிருந்து ஒரு புதிய அலங்கார ரகம்

மரக்காணத்து உப்பளங்களில் வடகிழக்கு மழை ஓய்ந்து பாத்திகளைச் சீர்செய்யும் வேலை தொடங்கும்போது, வரப்போரங்களில் உமரி பச்சையாக நிற்கும். வெயில் ஏறி நிலத்தில் உப்புக் கூடக் கூட அதன் கணுக்கள் சிவக்கத் தொடங்கும். கோடையில் சில வரப்புகள் செந்நிறமாகவே மாறிவிடும். பூந்தொட்டி வாங்குவோர் ‘சக்குலன்ட்’ என்ற பெயரில் ஆப்பிரிக்கச் செடிகளையும் மெக்சிகோ செடிகளையும் தேடும் இக்காலத்தில், கடலோரத்தில் தானாக வளர்ந்து தானாகச் சிவக்கும் இச்செடியை அலங்கார ரகமாக்க முடியாதா என்று கேட்பது இயல்பே. தோட்டக் கிணறு உவராகிப்போன கரையோர ஊர்களுக்கு இது பயனுள்ள கேள்வியும்கூட.

இதற்கு அடியில் பழைய கேள்வி ஒன்று இருக்கிறது. புதிய ரகம் எங்கிருந்து வருகிறது? கண்ணில் பட்டதை எடுத்துக் காப்பாற்றினால் போதும் என்பது ஒரு விடை. இரண்டு செடிகளைக் கலந்தால்தான் புதியது பிறக்கும் என்பது இன்னொன்று. மரபுப்பொருளையே கதிராலும் வேதிப்பொருளாலும் குலைத்துப் பார்க்க வேண்டும் என்பது மூன்றாவது. சதைத்தாவரங்களில் மூன்றுக்கும் வெற்றிக் கதைகள் உண்டு. ஆனால் அந்தக் கதைகளில் பெரும்பாலானவை நல்ல தண்ணீரில் வளரும் செடிகளைப் பற்றியவை. உப்பு இடையில் புகுந்தால் அவ்விடைகள் எவ்வளவு தாங்கும் என்பதை இக்கட்டுரை பரிசீலிக்கிறது.

கரையில் என்ன இருக்கிறது

இக்கரையின் சதைத்தாவரங்களை இரண்டு கூட்டமாகப் பிரிக்கலாம். ஈர உவர்நிலத்தில் நிற்பவை உமரி வகைகளும் தரையோடு படரும் செசுவியமும். தமிழில் உமரி என்ற பெயர் சாலிகோர்னியா, சூயேடா முதலிய பல பேரினங்களுக்குப் பொதுவாக வழங்குகிறது. கரையோர ஊர்களில் இதைக் கொதிக்கவைத்து, உப்புநீரை வடித்துவிட்டுக் கீரையாகச் சமைப்பதும் உண்டு. மேட்டு மணலிலும் செம்மண்ணிலும் முட்புதர்களின் நிழலிலும் இருப்பவை மறு கூட்டம்: கள்ளிமுளையான், மருள், சதுரக்கள்ளி, பிரண்டை.

இரு கூட்டமும் உடலில் நீரைச் சேர்க்கின்றன. காரணம் வேறு. மேட்டுச் செடி மழை வராத மாதங்களுக்காகச் சேமிக்கிறது. உமரிக்குக் காலடியில் நீர் உண்டு, ஆனால் அது உப்புநீர். உறிஞ்சிய சோடியத்தை உயிரணுக்களின் குமிழறைகளில் அடைத்துவைத்து, கூடவே நீரையும் சேர்த்து நீர்க்கச் செய்வதால்தான் அதன் தண்டு பருக்கிறது. லிட்டருக்கு ஏறத்தாழ 12 கிராம் கறியுப்புக்கு ஈடான உவரில் முளை முதல் விதை வரை வாழ்க்கையை முடிக்கக்கூடிய செடிகளையே உவர்த்தாவரங்கள் என்று இன்று வரையறுக்கிறார்கள். உலகத் தாவரங்களில் இவை 1 விழுக்காட்டளவே. சாதாரணப் பயிர் வாடும் உப்பில் உமரி மேலும் செழிக்கிறது என்பது பல ஆய்வுக்கூடங்களில் உறுதியான செய்தி.

இவற்றுக்கு அறிவியல் கவனம் கிடைக்காமல் இல்லை. சாமல்கோட்டையில் பணிபுரிந்த ஸ்காட்லாந்து மருத்துவர் வில்லியம் ராக்ஸ்பர்க் சோழமண்டலக் கரைத் தாவரங்கள் பற்றிய தம் நூலின் முதல் தொகுதியை 1795 இல் வெளியிட்டபோதே கள்ளிமுளையானுக்குப் படம் இருந்தது. 1931 இல் சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கிரேவ்லியும் மயூரநாதனும் இந்தியக் கள்ளிமுளையான் இனங்களை முழுமையாக ஆராய்ந்து நூலாக்கினார்கள். ஒரே இனத்துக்குள் தண்டின் பருமன், பூவின் நிறம், இதழோர மயிர் எனப் பல வேறுபாடுகளைக் கண்டு அவற்றுக்கு வகைப்பெயர்களும் இட்டார்கள். அலங்காரச் செடிக்காரர் இந்நூலைப் படித்தால் வாய் ஊறும். ஆசிரியர்களின் நோக்கமோ வகைப்பாடு மட்டுமே.

உவர்க் கூட்டத்தை ஆராய்ந்தோர் நோக்கமும் வேறு. பாவ்நகரில் உள்ள மத்திய உப்பு, கடல்வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம் உமரியிலிருந்து தாவர உப்பு எடுக்கவும் அதன் உவர் தாங்கும் மரபணுக்களைப் பிரிக்கவும் பாடுபட்டது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அலையாத்தி மரபணுக்களை நெல்லுக்கு மாற்றும் ஆய்வைச் செய்தது, வேதாரண்யத்தில் உவர்த்தாவரங்களுக்கென மரபுத் தோட்டமும் அமைத்தது. சோறும் உப்பும் முதலில், பூந்தொட்டி பிறகு என்ற வரிசையைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அலங்காரம் பற்றிய கேள்விக்கு உள்ளூர் விடைகள் குறைவாக இருப்பதற்கு அது ஒரு காரணம்.

கண்டெடுத்தவை

தேர்வே முதன்மை என்போருக்குப் பின்புலமாக நிற்பவர் டார்வின். வீட்டு விலங்குகளும் பயிர்களும் மாறுவது பற்றி 1868 இல் எழுதிய நூலில், ஒரு செடியின் ஒற்றை மொட்டிலிருந்து திடீரென வேறுவிதக் கிளை எழும் நிகழ்வுகளை அவர் திரட்டித் தந்தார். அலங்காரச் சதைத்தாவர வணிகத்தில் இத்தகைய திடீர் மாற்றங்களின் பங்கு மிகப் பெரிது. நம் வரவேற்பறைகளில் கிண்ணம்போல் குட்டையாக அமர்ந்திருக்கும் ‘ஹானி’ என்ற மருள் ரகம் 1939 இல் நியூ ஆர்லியன்ஸ் நாற்றங்கால் ஒன்றில் உயரமான மருளின் பக்கக்கன்றாகக் கிடைத்தது. 1941 இல் அமெரிக்காவில் அதற்குத் தாவரக் காப்புரிமை வழங்கப்பட்டது. அதே 1941 இல் ஜப்பானில் வதனபே எய்ஜி விதைத்த ஜிம்னோகலிசியம் நாற்றுகளுக்கிடையே பச்சையமே இல்லாத செந்நிற நாற்றுகள் தோன்றின. தனியே விட்டால் பட்டினியால் சாகும் அவற்றை வேறொரு கள்ளியின் மேல் ஒட்டுக்கட்டிப் பிழைக்கவைத்தார். இன்று ‘மூன் கேக்டஸ்’ என்று சாலையோரத் தட்டுகளில் விற்பவை அந்த வழிவந்தவை.

இந்தக் கட்சியின் பலம் எளிமை. கண்ணும் பொறுமையும் எண்ணிக்கையும் இருந்தால் போதும். பலவீனம் மூன்று.

முதலாவது, கண்டெடுத்தது அப்படியே நிலைக்க வேண்டும். மஞ்சள் விளிம்புள்ள மருளின் இலையை வெட்டி நட்டால் வரும் கன்றுக்கு விளிம்பு இராது. மஞ்சள் திசுவும் பச்சைத் திசுவும் அடுக்கடுக்காக ஒட்டிவாழும் செடி அது. புதுக்கன்று உள்ளடுக்கிலிருந்து மட்டும் எழுவதால் மஞ்சள் தொலைந்துவிடுகிறது. கிழங்கோடு பிரித்து நட்டால்தான் ரகம் தப்பும். இரண்டாவது, விளம்பரம். கலிஃபோர்னியாவின் லூதர் பர்பேங்க் 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முள்ளில்லாச் சப்பாத்திக்கள்ளியைப் பாலைவனங்களை மேய்ச்சல் நிலமாக்கும் அற்புதமாக அறிவித்தார். முள் குறைந்த வகைகள் அவருக்கு முன்பே பல நாடுகளில் இருந்தன. வறட்சியில் வாடும்போது முள் திரும்பவும் எட்டிப்பார்த்தது. முள் இல்லாததாலேயே மாடுகள் அதை இளசிலேயே தின்றுவிட, வேலி போட வேண்டியதாயிற்று. அறிவிப்பின் உற்சாகம் வயலில் நீடிக்கவில்லை.

மூன்றாவது ஆழமானது. டென்மார்க்கின் யோஹான்சன் 1903 இல் அவரை விதைகளை வைத்துச் செய்த சோதனைகளில், தன் மகரந்தத்தாலேயே காய்க்கும் ஒரு தூய வழிக்குள் பெரிய விதையைத் தேர்ந்தாலும் சிறிய விதையைத் தேர்ந்தாலும் அடுத்த தலைமுறை ஒன்றுபோலவே வந்தது. காணும் வேறுபாடெல்லாம் மரபு வேறுபாடு ஆகாது. உமரிக்கு இது நேரடியாகப் பொருந்துகிறது. சாலிகோர்னியாவின் பூ கண்ணுக்கே தெரியாத அளவு சிறியது, பெரும்பாலும் தன்மகரந்தச் சேர்க்கையில் விதைக்கிறது. ஒரு வரப்பில் நிற்கும் நூறு செடிகளும் மரபில் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கலாம். அவற்றில் மிகச் சிவந்ததைப் பொறுக்குவது வீண் உழைப்பாக முடியலாம்.

ஆனாலும் இதைக் கடைசித் தீர்ப்பாகக் கொள்ளக் கூடாது. வட அமெரிக்க உமரி இனம் ஒன்றை எண்ணெய் வித்தாகக் கடல்நீரில் பயிரிட்ட அரிசோனாக் குழுவினர் 1991 இல் ‘சயன்ஸ்’ இதழில் தம் முடிவுகளை வெளியிட்டார்கள். காட்டுச் செடிகளிலிருந்து தேர்ந்து மேம்படுத்திய வழிகளும் அம்முயற்சியில் உருவாயின. வெவ்வேறு ஊர்களின் வழிகளை அருகருகே வளர்த்துத் தேர்ந்தால் முன்னேற்றம் உண்டு, ஒரே வரப்புக்குள் தேடினால் இல்லை என்று இவ்விரண்டையும் சேர்த்துப் படிக்கலாம்.

கலந்து பெற்றவை

கலப்பினக் கட்சியின் சாட்சிகள் நம் வீட்டு வாசல்களிலேயே இருக்கின்றன. கிறிஸ்து முள் என்று நாம் சொல்லும் யுஃபோர்பியா மிலியை மடகாஸ்கரின் இன்னொரு யுஃபோர்பியாவோடு கலந்ததில் பெரும்பூ வகைகள் பிறந்தன. தாய்லாந்தில் சீன வழித்தோன்றல்கள் அவற்றுக்கு எட்டுத் தேவர்களின் பெயரைச் சூட்டி, வீட்டில் பூத்தால் நல்ல சகுனம் என்ற நம்பிக்கையோடு வளர்த்தார்கள். ரகப் பெருக்கத்துக்கு அந்த நம்பிக்கை ஆய்வு நிதியைவிட அதிகம் உதவியிருக்கும்போலும். போட்ஸ்டாமின் விதை வணிகர் ராபர்ட் பிளாஸ்ஃபெல்ட் 1932 இல் அறிமுகப்படுத்திய மடகாஸ்கர் கலஞ்சோ, ஐரோப்பிய வளர்ப்பாளர் கையில் கலந்து கலந்து இன்று எல்லா நிறத்திலும் தொட்டிப்பூவாக நிற்கிறது. அடீனியத்தில் அரிசோனாவின் மார்க் டிம்மிட் தென்னாப்பிரிக்க இனத்தோடு கலந்து ‘கிரிம்சன் ஸ்டார்’ போன்ற ரகங்களைத் தந்தார். அடுக்கிதழ் அடீனியங்களைத் தாய்லாந்தும் தைவானும் பெருக்கின, நம் நாற்றங்கால்களில் அவை ஒட்டுச்செடிகளாக வந்து சேர்ந்தன.

இங்கே தடை பெரும்பாலும் கைவேலை சார்ந்தது. அடீனியப் பூவில் மகரந்தப்பைகள் கூம்பாகக் குவிந்து சூல்முடியை மூடியிருக்கும். கூம்பின் பக்கத்தைக் கிழித்து மெல்லிய குச்சியால் மகரந்தத்தைச் செலுத்த வேண்டும். கள்ளிமுளையானில் மகரந்தம் தூளாகக் கிடைப்பதே இல்லை. இரட்டைப் பொட்டலமாகக் கட்டுண்டிருக்கும் அதை ஈ இழுத்துச்சென்று இன்னொரு பூவின் குறுகிய பள்ளத்தில் செருகுகிறது. அந்த ஈயின் வேலையை உருப்பெருக்கியின் கீழ் மனிதர் செய்ய வேண்டும். செய்ய முடியாதது அன்று; ஆயிரக்கணக்கில் செய்வது கடினம். கிரேவ்லியும் மயூரநாதனும் வருணித்த வளம் இன்னும் கலப்பினமாகப் பெருகாமல் கிடப்பதற்கு இந்தப் பள்ளமும் ஒரு காரணமாக இருக்கலாம்.

டேபிள் ரோஸ் என்னும் பத்துமணிப் பூவில் நிலைமை வேறு. அதன் கதை இக்கேள்விக்கு மிக அருகில் வருகிறது. தென்னமெரிக்கச் செடியானாலும் நம் கரையோர வெயிலையும் மணலையும் ஓரளவு உவரையும் தாங்குகிறது. காலையில் விரிந்து பிற்பகலில் மூடும் ஒருநாள் பூ. மலருமுன்பே மொட்டைப் பிரித்து மகரந்தத்தாள்களை நீக்கிவிட்டால் கலப்பு எளிது. மூடிபோலத் திறக்கும் காயில் பொடி விதைகள் ஏராளம். விதைத்துச் சில வாரங்களிலேயே பூத்துவிடுவதால் ஆண்டுக்குப் பல தலைமுறை பார்க்கலாம். சைகஸின் நீந்தும் ஆண் உயிரணுவை 1896 இல் கண்டறிந்த ஜப்பானியத் தாவரவியலாளர் இகெனோ, 1920 களில் இப்பூவின் நிறமரபை ஆராய்ந்தார். பின்வந்தோர் நிறத்தைத் தீர்மானிக்கும் மூன்று முக்கிய மரபிடங்களை வரையறுத்தார்கள்.

நிறம் பற்றிய அந்த ஆய்வு உமரிக்கும் செய்தி வைத்திருக்கிறது. டேபிள் ரோஸின் சிவப்பும் மஞ்சளும் பீட்டாலைன் என்ற நிறமிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. பீட்ரூட்டின் சிவப்பு அது. உமரியின் சிவப்பும் அதுவே. பீட்டாலைன் உள்ள செடியில் ரோஜா, செம்பருத்தி, அடீனியம் முதலியவற்றின் ஆந்தோசயனின் இராது. பீட்டாலைனில் சிவப்பு முதல் ஊதா வரையும் மஞ்சள் முதல் செம்மஞ்சள் வரையும் கிடைக்கும், நீலம் கிடைக்காது. நீல டேபிள் ரோஸ் விதை என்று விற்பவரிடம் பணத்தைக் கொடுக்காமல் இருப்பது நலம். உமரியைக் கலந்து பூவழகைப் பெற முடியாது என்பதும் இதே வரிசையில் வரும். அதன் அழகு முழுவதும் தண்டில்.

இனம் தாண்டிக் கலப்பதற்கு இன்னொரு தடை குரோமோசோம் எண்ணிக்கை. டேபிள் ரோஸில் 18. நம் வயல்களில் தானாக முளைக்கும் பருப்புக்கீரையில் பெரும்பாலும் 54. பருப்புக்கீரையின் முரட்டுத்தனத்தையும் டேபிள் ரோஸின் பூவையும் ஒன்றாக்கும் ஆசைக்கு இந்த இடைவெளி குறுக்கே நிற்கிறது. உமரிகளிலும் 18, 36 என இரு படிநிலைகள் உண்டு. எதை எதோடு கலப்பது என்று முடிவெடுக்குமுன் வேர்நுனியை நுண்ணோக்கியில் பார்ப்பது அவசியம்.

கதிரும் கொல்கிசினும்

எக்ஸ்-கதிர் மரபுமாற்றத்தை உண்டாக்கும் என்று முல்லர் 1927 இல் பழ ஈயிலும் ஸ்டாட்லர் 1928 இல் பார்லியிலும் காட்டியபின் மூன்றாவது கட்சி எழுந்தது. இந்தியாவில் லக்னோவின் தேசியத் தாவரவியல் ஆராய்ச்சி நிறுவனம் அலங்காரச் செடிகளில் இதை விரிவாகப் பயன்படுத்தியது. சாமந்தி, காகிதப்பூ வரிசையில் டேபிள் ரோஸுக்கும் இடம் கிடைத்து, ‘ஜும்கா’, ‘முக்தா’, ‘ரத்னம்’ முதலிய ரகங்கள் வெளிவந்தன. குச்சி நட்டே பெருக்கும் செடிக்கு இம்முறை மிகவும் பொருத்தம், ஏனெனில் கிடைத்த மாற்றத்தை விதையால் நிலைநிறுத்த வேண்டியதில்லை. மாற்றம் எந்தப் பக்கம் போகும் என்பது மட்டும் கையில் இல்லை. ஆயிரத்தில் பெரும்பாலானவை நோயாளிச் செடிகள். குரோமோசோம்களை இரட்டிக்கும் கொல்கிசின் பற்றியும் இதையே சொல்லலாம்: தடித்த இலை, பெரிய பூ, மந்தமான வளர்ச்சி, சில வேளை மலட்டுத்தன்மை. செசுவியம் குச்சியிலேயே பரவும் பல்லாண்டுச் செடியாதலால் இம்முறைகளுக்கு உகந்தது. உமரி ஒருபருவச் செடி, விதையையே நம்புவது. அதில் இவை சிரமம்.

உப்பின் கணக்கு

மூன்று கட்சியும் ஒரே அனுமானத்தில் நிற்கின்றன: விரும்பும் பண்பு செடிக்குள் இருக்கிறது, அதைப் பிடித்துவைத்தால் போதும். மரக்காணத்து உமரியில் அந்த அனுமானமே ஐயத்துக்குரியது. சிவப்பு செடியின் மரபிலிருந்து வருகிறதா, உப்பிலிருந்தும் வயதிலிருந்தும் வருகிறதா?

ஸ்வீடனின் டூரெஸ்ஸான் 1922 இல் வெளியிட்ட ஆய்வு இவ்வகைக் கேள்விக்கு வழிமுறை தந்தது. கடற்கரை, மணல்மேடு, காடு எனப் பல இடங்களில் ஒரே இனம் வெவ்வேறு வடிவில் நிற்பதைப் பார்த்த அவர், அவற்றைக் கொண்டுவந்து ஒரே தோட்டத்தில் அருகருகே வளர்த்தார். சில வேறுபாடுகள் கரைந்துபோயின, அவை இடத்தின் வேலை. சில நிலைத்தன, அவை மரபு. எந்தப் பண்பு எந்தப் பக்கம் விழும் என்பதைப் பார்வையால் முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை.

சீனத்தின் பான்ஜின் பகுதியில் அலையேற்றச் சேற்றில் சூயேடா இனம் ஒன்று பரப்பிவரும் செந்நிலம் சுற்றுலா ஈர்ப்பாகவே இருக்கிறது. அதே இனம் உள்நாட்டு உவர்நிலத்தில் பச்சையாகவே வளர்வதும் உண்டு. இவ்வேறுபாட்டை ஆராய்ந்த சீனக் குழுக்கள் உப்பு மட்டுமன்றி நீர்த்தேக்கம், குளிர், இருள் எனப் பல காரணிகள் சிவப்பு நிறமியைக் கூட்டுவதைக் காட்டியிருக்கின்றன. அலைநிலத்துச் செடிக்கும் உள்நாட்டுச் செடிக்கும் இடையே மரபு வேறுபாடும் இருப்பதாகக் கருத இடமுண்டு. இரண்டும் கலந்தே செயல்படுகின்றன என்பதே இப்போதைக்குப் பாதுகாப்பான வாசிப்பு.

இந்தக் கலவை அலங்கார ரகத்துக்குச் சங்கடம் தரும். வாங்கிப்போனவர் குழாய்நீரை ஊற்றுவார். மரக்காணத்தில் சிவந்த செடி சென்னை மாடியில் பச்சையாகவே நின்று வாடலாம். உப்பு கலந்து ஊற்றச் சொன்னால் கேட்பவர் குறைவு. கேட்டாலும் தொட்டியில் நீர் ஆவியாகி உப்புத் தங்கி, சில வாரங்களில் கடல்நீரையும் மிஞ்சும் உவர் வேரடியில் சேரும். உப்பளத்தில் மழை வந்து கழுவிவிடுகிறது, தொட்டியில் கழுவ ஆளில்லை. ஆண்டு முடிவில் விதைத்துச் சாகும் செடி என்பதும் விற்பவர் சொல்லியாக வேண்டிய செய்தி.

விதைப் பெருக்கத்திலும் சிக்கல் உண்டு. உப்பில் வாழும் உமரி முளைக்கும்போது உப்பை விரும்புவதில்லை. வடகிழக்கு மழை உவரைக் கரைத்துத் தணிக்கும் சில வாரங்கள்தாம் அதன் முளைப்புக் காலம். சூயேடாவின் சில இனங்களில் ஒரே செடி பழுப்பு விதை, கறுப்பு விதை என இருவகை தரும். ஒன்று உடனே முளைக்கும், மற்றது உறங்கும். இயற்கையில் இது நல்ல காப்பீடு. ஒரே நாளில் நூறு தொட்டியும் ஒன்றுபோல் எழ வேண்டும் என்று நினைக்கும் நாற்றங்காலுக்குத் தலைவலி.

இவற்றையெல்லாம் எடைபோட்டால், உமரியைக் கலப்பதா கதிர்வீசுவதா என்ற வாதம் முந்திப்போய் நடக்கிறது என்று தோன்றுகிறது. அதற்கு முன் செய்ய வேண்டியது டூரெஸ்ஸானின் தோட்டம். பல வரப்புகளின், பல ஊர்களின் விதையை ஒரே மண்ணில், நல்ல தண்ணீர், நடுத்தர உவர், கடும் உவர் என மூன்று நிலைகளில் வளர்க்க வேண்டும். தாய்ச்செடி பட்ட உப்பின் தாக்கம் விதையில் தங்கியிருக்கலாம் என்பதால் ஒரு தலைமுறை போதாது. நல்ல தண்ணீரிலும் இரண்டாம் தலைமுறையிலும் சிவக்கும் வழி ஏதேனும் இருந்தால் அதுவே ரகத்துக்கான விதை. ஒன்றும் இல்லையென்றால் தொட்டி ஆசையை விட்டுவிட்டு, உப்பளச் சூழலுக்கே உரிய நிலப்பரப்புச் செடியாக, உவரான சாலைத் திட்டுகளுக்கும் கடலோரப் பூங்காக்களுக்கும் உரியதாக அதைக் கருதலாம்.

செசுவியத்துக்கு இச்சிக்கல் குறைவு. இளஞ்சிவப்புச் சிறுபூ, சிவந்த தண்டு, குச்சியில் எளிதாக வேர்விடும் இயல்பு, நல்ல தண்ணீரிலும் பிழைக்கும் தன்மை எல்லாம் அதற்குச் சாதகம். உமரியின் கவர்ச்சி அதற்கு இல்லை என்பது ரசனை சார்ந்த குறை. முதல் முயற்சி எங்கே தொடங்கலாம் என்று கேட்டால் செசுவியத்தையும் டேபிள் ரோஸையும் உமரிக்கு முன்னால் வைப்பதே நியாயமாகப் படுகிறது.

ரகம் என்று சட்டம் எதை ஏற்கும்

பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டம் 2001 இல் வந்தது. புதிய ரகம் நான்கு தேர்வுகளைத் தாண்ட வேண்டும்: புதுமை, தனித்தன்மை, சீர்மை, நிலைத்தன்மை. மரங்களுக்கும் கொடிகளுக்கும் 18 ஆண்டு, பிறவற்றுக்கு 15 ஆண்டு பாதுகாப்பு. மைய அரசு அறிவிக்கை செய்த பேரினங்களும் இனங்களுமே புதிய ரகமாகப் பதிவுக்கு வர முடியும். புதுமை என்பதற்கு வணிகப் பொருள்தான்: இந்தியாவில் விண்ணப்பத்துக்கு ஓராண்டுக்கு மேல் முன்பே விற்கப்பட்டிருக்கக் கூடாது. சந்தை எப்படி ஏற்கிறது என்று இரண்டு பருவம் விற்றுப்பார்த்துப் பிறகு பதியலாம் என நினைக்கும் சிறு நாற்றங்கால்காரர் இங்கேதான் வழுக்குகிறார்.

உமரியில் நான்காம் தேர்வு மேலே சொன்ன சிவப்புக் கேள்வியையே சட்ட மொழியில் கேட்கிறது. சோதனை வயல் நல்ல தண்ணீர் நிலமாக இருந்தால் ரகம் தன் பண்பைக் காட்டாமலே போகலாம். உவர்நிலத்தில்தான் தனித்தன்மை வெளிப்படும் என்றால், எந்த உவரில் சோதிப்பது என்ற நெறிமுறையை முதலில் எழுத வேண்டியிருக்கும்.

காட்டு மரபுவளத்தைத் தொடும்போது உயிரியல் பன்மைச் சட்டம் 2002 உம் வரும். அதைச் செயற்படுத்தும் தேசிய ஆணையம் சென்னையிலேயே இருக்கிறது. இந்திய உயிர்வளத்தை வைத்து அறிவுசார் உரிமை கோருவோர் அதன் ஒப்புதலைப் பெற வேண்டும் என்ற 6 ஆம் பிரிவிலேயே, பயிர் ரகப் பாதுகாப்புக்கு விண்ணப்பிப்போருக்கு விலக்கும் தரப்பட்டிருக்கிறது. வணிகப் பயன்பாட்டுக்கான தனி விதிகள் தனியே நிற்கும். மரக்காணத்துக்கு அருகே கழுவேலி 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது; 5,000 ஹெக்டேருக்குச் சற்று மேல் பரப்பு. அதன் எல்லைக்குள் இசைவின்றி விதையெடுப்பது வனவுயிர்ச் சட்டத்தின்படி குற்றமாகும். உப்பள வரப்பு வேறு, சரணாலயச் சேறு வேறு. இரண்டிலும் செடி ஒன்றுதான் என்பது சட்டத்தின் கவலையன்று.

முடிவாகாதவை

உள்ளூர்ச் செடியை வளர்ப்பது எப்போதும் நல்லது என்ற கருத்து இப்போது பரவலாக இருக்கிறது. வெளிநாட்டுச் சதைத்தாவரங்களால் நாம் பட்ட பாடு அதற்கு வலுச்சேர்க்கிறது. 18 ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை சைதாப்பேட்டையில் மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் செந்நிறப் பூச்சிச் சாயத்துக்காகச் சப்பாத்திக்கள்ளித் தோட்டம் போட்டார். சாயத் தொழில் நிலைக்கவில்லை. சப்பாத்திக்கள்ளி இனங்கள் பின்னர்த் தென்னிந்தியாவில் பல வழிகளில் பரவித் தரிசுகளை மூடின. அவற்றை அடக்கப் பூச்சிகளையே திரும்ப ஏவ வேண்டிவந்தது. ஆனால் உள்ளூர்ச் செடி என்பதால் ஆபத்தே இல்லை என்றும் சொல்ல முடியாது. கள்ளிமுளையான் உடல் இளைக்கும் மருந்தாகச் சந்தைப்பட்டபின் காட்டிலிருந்து பிடுங்குவது பெருகியது. ரகம் பிரபலமானால், நாற்றங்காலில் பெருக்கும் செலவைவிட வரப்பிலும் சரணாலயத்திலும் பிடுங்குவது மலிவாகத் தெரியும். பெயரிட்ட ரகம் காட்டுச் செடிக்குக் காவலாகுமா, விளம்பரமாகுமா என்பதற்கு முன்னனுபவங்கள் இரு பக்கமும் சாட்சி சொல்கின்றன.

இலாபம் யாருக்கு என்பதும் தீரவில்லை. வேளாண் ஆராய்ச்சியில் தமிழ்நாட்டின் மலர்க் கவனம் மல்லி, சாமந்தி, சம்பங்கி முதலிய பறிப்புப் பூக்களில் குவிந்திருக்கிறது. அவை உழவருக்கு நாள்தோறும் காசு தருபவை என்பதால் அது சரியே. உப்பளத் தொழிலாளருக்கு மழை மாதங்களில் வேலை இல்லை. உமரி முளைப்பதும் அதே மாதங்களில். இந்தப் பொருத்தம் கவர்ச்சியானது, ஆனால் நாற்று வாங்க ஆளிருக்கிறதா என்று தெரியாமல் அதன்மேல் வாழ்வாதாரத் திட்டம் எழுப்புவது அவசரம்.

செடியளவில் மட்டும் பேசினால், உமரியில் மரபார்ந்த சிவப்பு உண்டா என்பதே திறந்திருக்கும் முதல் கேள்வி. விடைக்கு மேலே சொன்ன சோதனைத் தோட்டத்தைவிடக் குறுக்கு வழி தெரியவில்லை. ஒருபருவச் செடியாதலால் இரண்டு தலைமுறைக்கு இரண்டு ஆண்டும், விதை திரட்ட ஒரு கோடையும் தேவைப்படும். முதல் கோடையில் பச்சை வரப்பு, சிவப்பு வரப்பு இரண்டிலுமிருந்தும் தனித்தனியே விதையெடுத்து, செடி, இடம், மண்ணின் உவர் மூன்றையும் பொட்டலத்தின் மேல் குறித்துவைத்திருந்தால், ஐப்பசி மழைக்கு விதைப்பைத் தொடங்கிவிடலாம்.